மணியார்டர் ரசீதுகளும் மனைவியின் பெயரும்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர், வழக்கறிஞரான எனக்குப் பதினோரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு சில விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு இப்போது வயது 64. 1979-இல் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். மேலே படிக்க வீட்டில் வசதி இல்லாததால், ஓராண்டு காலம் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தந்தையோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போனார். 1980-இல் ராணுவ ஆளெடுப்பில் தேர்வாகி, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்றார். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் இருந்தார். 1990 ஜனவரியில் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. 24 ஆண்டுச் சேவை முடித்து 2004-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டே பொதுத்துறை வங்கி ஒன்றில் காவலராகச் சேர்ந்து, 2021-இல் அங்கிருந்தும் ஓய்வுபெற்றார். "நாட்டு வாசலில் 24 வருஷம், வங்கி வாசலில் 16 வருஷம் காவல் நின்றேன். என் பங்குக்குக் காவல் நிற்கத்தான் ஆளில்லாமல் போயிற்று" என்று எழுதுகிறார்.

அந்தப் பங்குதான் பிரச்சினை. தந்தை 1999-இல் உயில் எழுதாமல் இறந்தார்; தாய் 2012-இல், அவரும் உயில் எழுதாமல். பிள்ளைகள் நால்வர்: ஓர் அக்கா, இவர், இரண்டு தம்பிகள். தந்தை தம் உழைப்பில் வாங்கிய 9 சென்ட் வீட்டுமனையும் 60 சென்ட் விளையும் (தோட்ட நிலமும்) இன்னும் பிரிக்கப்படவில்லை. வீட்டில் இளைய தம்பி குடியிருக்கிறார். இவை தவிர, 1991-இல் மூத்த தம்பி பெயரில் 35 சென்ட் ரப்பர் விளை ஒன்று வாங்கப்பட்டது. அதற்கான பணம் முழுவதும், தாம் பத்தாண்டுகளாக மாதந்தோறும் தந்தைக்கு அனுப்பிய மணியார்டர் பணமே என்கிறார். சென்ற கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் கூடியபோது பாகப்பிரிவினைப் பேச்சை எடுத்தார். "ஊரைவிட்டுப் போனவனுக்கு என்ன பங்கு?" என்றார் இளையவர். மூத்த தம்பியோ, 1987-இல் இலங்கைக்குப் புறப்படுமுன் இவர் தம் கையால் எழுதிக் கடிதத்தோடு அனுப்பிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்குரியதெல்லாம் என் தம்பிக்கு" என்று அதில் இருக்கிறது. வழக்குப் போடலாமா, அக்காவுக்குத் திருமணத்தின்போதே நகையும் ரொக்கமுமாக ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டதால் பங்கு மூன்றாகத்தானே பிரியும், அந்தத் தாள் ஓய்வுக்குப் பின் தாம் கட்டிய வீட்டையும் பறித்துவிடுமா, வாழ்க்கையே வீணாயிற்றா என்பன அவருடைய கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ராணுவ ஆவணங்களில் மனைவியின் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது, ஆதாரில் வீட்டில் அழைக்கும் பெயர் இருக்கிறது, "அதை எப்போதாவது மாற்ற வேண்டும்."

அன்புள்ள ஐயா,

நீங்கள் கடைசியாக எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற விஷயங்கள் கால் நூற்றாண்டாகக் காத்திருந்தவை. இன்னும் ஆறு மாதம் காத்திருந்தாலும் உங்கள் உரிமை எதுவும் குறைந்துவிடாது. மனைவியின் பெயர் அப்படிப்பட்டதல்ல. அது நீங்கள் உயிரோடு இருக்கும்போது எளிதாகவும், இல்லாதபோது பெரும்பாடாகவும் திருத்தப்படுகிற ஒன்று.

குடும்ப ஓய்வூதியம்

ராணுவ ஓய்வூதியம் பெறுபவர் இறந்தால், மனைவிக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைக்கும். ஓய்வுபெற்றவர் 67 வயது நிறையுமுன் இறந்தால், இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது அவர் இருந்திருந்தால் 67 நிறைந்திருக்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை, உயர்த்தப்பட்ட வீதத்தில் 50 சதவீதம் கிடைக்கும். ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்ற திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2019-இலும் 2024-இலும் திருத்தப்பட்டபோது, குடும்ப ஓய்வூதியமும் அதோடு சேர்ந்தே திருத்தப்பட்டது. இத்தனையும் ஓய்வூதிய ஆணையில் எழுதியிருக்கும் ஒரு பெயரையும் ஒரு பிறந்த தேதியையும் நம்பித்தான் நிற்கின்றன. அந்தப் பெயரும் ஆதார்ப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ராணுவ ஓய்வூதியத்தை இணையவழியில் கையாளும் ஸ்பார்ஷ் முறையில் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். கணவரை அடக்கம் செய்த மாதத்திலேயே, தாம்தான் அந்த மனைவி என்று நிரூபிக்க ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சிரமமானதல்ல. திருமணம் நடந்த தேவாலயத்தின் பதிவேட்டிலிருந்து சான்று வாங்குங்கள். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று மனைவி தரும் உறுதிமொழிப் பத்திரம், இருவரின் ஆதார், உங்கள் டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனைவியோடு நேரில் போங்கள். அவர்கள் வழியாக விண்ணப்பம் உங்கள் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குப் போகும். அங்கே மாற்றத்தைச் சேவைப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, பிறகு திருத்திய ஓய்வூதிய ஆணை வரும். பிறந்த தேதியிலும் பிழை இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்; அந்தக் காலத்தில் பல மனைவியரின் பிறந்த தேதி, ஆண்டை மட்டும் குத்துமதிப்பாகச் சொல்லி எழுதப்பட்டது.

ராணுவத்திலிருந்து குடும்ப ஓய்வூதியம் வந்தால் வங்கியிலிருந்து வராது என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ராணுவ ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ மறுவேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவத் தரப்பில் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வங்கிக் கோப்பிலும் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

1987-இல் எழுதிய தாள்

உங்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான் என்று தெரிகிறது. இரவில் உறக்கம் வரவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாக உறங்குங்கள்.

அந்தத் தாள் வெறும் கடிதம் அல்ல என்பது உண்மைதான். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், படையெடுப்பிலோ போரிலோ ஈடுபட்டிருக்கும் படைவீரருக்குத் தனிச் சலுகை ஒன்றைத் தந்திருக்கிறது. மற்றவர்களின் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. அப்படிப்பட்ட படைவீரர் முழுவதும் தம் கையால் எழுதிய உயிலுக்குச் சாட்சி மட்டுமல்ல, கையொப்பமும்கூடக் கட்டாயமில்லை. இதைச் சிறப்புரிமை உயில் என்பார்கள். பதுங்குகுழியில் இருப்பவன் சாட்சிக்கு எங்கே போவான்? எனவே, நீங்கள் இலங்கையிலிருந்து திரும்பாமலே போயிருந்தால், அந்தத் தாளை வைத்து உங்கள் தம்பி வலுவாக வாதாடியிருக்க முடியும்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள்; 1990 ஜனவரியில் திருமணம் செய்துகொண்டீர்கள். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, உயில் எழுதியவர் திருமணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் அந்தத் திருமணத்தாலேயே ரத்தாகிவிடும் என்கிறது. நீங்கள் கிழிக்கவும் வேண்டாம், ரத்துப் பத்திரம் எழுதவும் வேண்டாம். தம்பியிடம் இருப்பது இப்போது ஒரு பழைய கடிதம், அவ்வளவே. இந்த விதி உங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். இந்துக்கள் எழுதிய உயில் திருமணத்தால் ரத்தாகாது என்பதைப் பிற வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் இதில் இன்னொரு தவறான எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது. 2005-இல் ஓய்வுப் பணத்தில் நீங்கள் கட்டிய வீடு உங்களுக்குப் பிறகு "தானாகவே" மனைவிக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உயில் இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு. மீதி இரண்டு பங்கும் உங்கள் இரு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். முழு வீடும் அவருக்கே வேண்டும் என்றால், இப்போது புதிதாக ஓர் உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்யுங்கள்.

மணியார்டர் பணத்தில் வாங்கிய விளை

இங்கே நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். கறுப்பு டிரங்குப் பெட்டியில், வெள்ளைப் பெயிண்டில் உங்கள் எண்ணும் பெயரும் எழுதிய அந்தப் பெட்டியில், தந்தையின் கையெழுத்தோடு திரும்பி வந்த மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகளை ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1981-இல் மாதம் 150 ரூபாய் என்பது உங்கள் சம்பளத்தில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தச் சீட்டுகள் நிரூபிப்பது, நீங்கள் தந்தைக்குப் பணம் அனுப்பினீர்கள் என்பதை மட்டுமே. மகன் தந்தைக்கு அனுப்பும் பணத்தைச் சட்டம் கடனாகக் கருதுவதில்லை. கடன் என்றே வைத்துக்கொண்டாலும் அதைக் கேட்கும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

சரி, நிலமே என்னுடையது, தம்பி பெயரளவுக்குத்தான் என்று வாதிடலாமா? அதற்குத்தான் 1988-ஆம் ஆண்டு பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்தை, உண்மையான உரிமையாளர் நானே என்று கேட்டு வழக்குத் தொடுப்பதை அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் விளை 1991-இல், அதாவது சட்டம் வந்த பிறகு வாங்கப்பட்டது. நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்று விதிவிலக்குக் கேட்கலாம். அதற்கு, "அண்ணனுக்காக நான் வைத்திருக்கிறேன்" என்று தம்பி எழுதிய ஒரு வரியாவது வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அப்படி எதுவும் இல்லை. 1993-இல் விடுப்பில் வந்தபோது அந்த விளையின் கிரயப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மௌனத்தைத் தம்பியின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் விடமாட்டார்.

படைவீரர் என்பதால் காலக்கெடுவில் சலுகை உண்டாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது 1925-ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம். அது பணியில் இருப்பவருக்கு, அதுவும் போர் போன்ற தனிச் சூழலில் இருந்த காலத்துக்கு உதவுவது. ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் கழித்துத் தொடுக்கும் வழக்குக்கு அது கைகொடுக்காது. ஆகவே அந்த 35 சென்டை வழக்கில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. சேர்த்தால், வெல்லக்கூடிய வழக்கையும் அது இழுத்து நிறுத்திவிடும்.

தந்தையின் சொத்தும் அக்காவின் பங்கும்

வெல்லக்கூடிய வழக்கு என்று நான் சொன்னது தந்தையின் வீட்டையும் விளையையும் பற்றி. ஊரைவிட்டுப் போனதால் பங்கு போய்விட்டது என்று இளைய தம்பி சொன்னது முற்றிலும் தவறு. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்து வந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் எல்லோருக்காகவும் அனுபவிக்கிறார். பட்டா அவர் பெயருக்கு மாறியிருந்தாலும் அதனால் உரிமை மாறிவிடாது. ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்துவிட்ட நாளிலிருந்து கணக்கு வேறு; சொத்து தமக்கே என்று அவர் உரிமை கொண்டாடுவதற்கான காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும். அதனால் சென்ற கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீங்கள் வாய்மூடி இருப்பது நல்லதல்ல. ஒரு பதிவுத் தபால் அறிவிப்பாவது போக வேண்டும்.

பங்கு மூன்றாகப் பிரியும் என்பது உங்கள் தவறு. இது நம் மாவட்டத்தில் இன்றும் பரவலாக இருக்கும் எண்ணம். இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், அதற்கு முன் திருவிதாங்கூரிலும் இருந்தோம். அங்கே கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது மட்டுமே என்றது; ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. தந்தை சொத்தில் சம பங்கு கேட்டு கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல், 1951 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் தந்தை இறந்தது 1999-இல். எனவே அப்போது தாய்க்கு மூன்றில் ஒன்று. மீதி, நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக ஆறில் ஒவ்வொன்று. 2012-இல் தாயின் பங்கும் நால்வருக்கும் பிரிந்து பன்னிரண்டில் ஒவ்வொன்று சேர்ந்தது. மொத்தத்தில் ஆளுக்கு நான்கில் ஒன்று. அக்காவுக்குக் கொடுத்த நகையையும் ரொக்கத்தையும் அவர் பங்கில் கழிக்கவும் முடியாது. பெற்றோர் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. அக்காவை விட்டுவிட்டு மூன்று ஆண்கள் மட்டும் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை பின்னாளில் நிலைக்காது. அவர் தம் பங்கு வேண்டாம் என்றால், விடுதலைப் பத்திரத்தை அவரே வந்து எழுதிக் கொடுக்கட்டும். அவர் வேண்டாம் என்பார் என்று நீங்கள் மூவரும் முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம்.

வழக்கா, பேச்சா

வழக்குத் தொடுத்தால் உங்கள் நான்கில் ஒரு பங்கை நீதிமன்றம் உறுதியாகச் சொல்லும் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல்நிலைத் தீர்ப்பு, ஆணையர் அளவை, இறுதித் தீர்ப்பு, மேல்முறையீடு என்று அது நடக்கும் காலத்தை உங்கள் வயதோடு சேர்த்துப் பாருங்கள். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் நீதிமன்றக் கட்டணம் சிறு தொகை; வெளியேற்றப்பட்டதாகச் சொன்னால் பங்கின் சந்தை மதிப்புக்கேற்பக் கட்ட வேண்டும். 60 சென்ட் விளையைக் கயிறு பிடித்து நான்காக்கலாம். 9 சென்டில் நிற்கும் வீட்டை அப்படிப் பிரிக்க முடியாது. அத்தகைய நிலையில், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால் சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் தந்தை கட்டிய வீடு ஏலத்துக்குப் போவதை நீங்கள் விரும்புவதாக உங்கள் கடிதம் எனக்குச் சொல்லவில்லை.

வழக்குக்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். கட்டணம் இல்லை; அங்கே எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. வீட்டை இளைய தம்பிக்கு விட்டுவிட்டு, அதன் மதிப்புக்கு ஈடாக விளையில் உங்கள் பங்கைக் கூட்டிக் கேட்பது உங்களுக்கு நல்ல ஏற்பாடாக எனக்குப் படுகிறது. மணியார்டர்ச் சீட்டுகளை அந்த மேசைக்குக் கொண்டு போங்கள். நீதிமன்றத்தில் அவற்றுக்கு இல்லாத எடை உடன்பிறந்தவர்களின் முன்னால் உண்டு; மூத்த தம்பியும் அவற்றில் உள்ள தந்தையின் கையெழுத்தை அடையாளம் காண்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் மூன்று ஆண்டு படுக்கையில் கிடந்ததையும், இளைய தம்பியும் அவர் மனைவியும் உடனிருந்து பார்த்ததையும் நீங்கள் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவருக்குச் சட்டம் கூடுதல் பங்கு எதுவும் தருவதில்லை. உங்கள் மணியார்டர்களுக்குச் சட்டம் வட்டி தராததும் அதே கணக்குத்தான். பேசும்போது இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

வாழ்க்கை வீணாயிற்றா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வழக்கறிஞருக்குத் தகுதி கிடையாது. ஆனால் வாசித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தேன்: பதினோரு பக்கத்தில் மணியார்டர்களுக்கு மூன்று பக்கம், இலங்கையில் கழித்த இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டே வரி, வங்கியில் நின்ற 16 ஆண்டுகளுக்கு ஒரு வரி. நாற்பது ஆண்டுகளையும் அனுப்பிய தொகை, வராத பங்கு என்ற கணக்கில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். சமரசத்துக்கோ சாட்சியத்துக்கோ எப்படியும் தேதிவாரியான குறிப்பு ஒன்று எனக்குத் தேவைப்படும். 1979-இல் தொடங்கி, எந்த ஆண்டு எந்த ஊர், எப்போது விடுப்பு, யார் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சே வராத ஆண்டுகளையும் விடாமல் எழுதுங்கள்.

மூத்த தம்பியிடம் அந்தத் தாளின் நகலைச் சண்டையில்லாமல் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் முதலில் நாகர்கோவிலுக்குப் போங்கள். திருத்திய ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாகப்பிரிவினை அறிவிப்பின் வரைவை அதற்குள் நான் தயாராக வைத்திருக்கிறேன்.